எதில் வீக்?



முதலாம் ஆண்டில் ஆங்கிலத் தேர்வில் நான் வாங்கியது 22 மார்க். என் பெயருக்கு எதிரே ‘வீக்’ என்று எழுதினார்கள். “வீக் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் சாயங்காலம் இருங்க” என்று உத்தரவு. வழக்கமான பஸ் போய்விட்டது. மாகறல் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஏன் லேட் என்று கேட்ட அப்பாவிடம், “நான் வீக்காம்ப்பா” என்றேன். “ஏன்டா, காலையில சாப்பிட்டுட்டுத்தானே போனே?” என்று பதறிப்போனார்!

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. உடம்பு வீக்கா, ஆங்கிலம் வீக்கா, கணக்கு வீக்கா? ‘வீக் இன் இங்கிலீஷ்’, ‘வீக் இன் மேத்ஸ்’ என்று எதில் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் வழி இருக்கிறது. நாமோ அந்த ‘இன்’னைத் தொலைத்துவிட்டு, பெயரடையை ஆளுக்கே பெயராக வைத்துவிட்டோம்.

கெமிஸ்ட்ரியில் ‘வீக் ஆசிட்’ படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கலந்த ஆசிட் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது டைலூட். வீக் என்றால், தண்ணீரில் அதன் மூலக்கூறுகளில் கொஞ்சம்தான் அயனியாகப் பிரியும் என்று பொருள். அவ்வளவுதான்! ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட் வீக் ஆசிட்தான். ஆனால் கண்ணாடியையே அரித்துவிடும். அதைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வைக்க வேண்டும்.

நம்ம காஞ்சிபுரம் பட்டையே பாருங்களேன். பட்டு ஒரு புரதம். காஸ்டிக் சோடா மாதிரி ஸ்ட்ராங் காரத்தில் கொதிக்கவிட்டால் கரைந்தே போகும். அதனால்தான் பசை நீக்க சோப்பும் சலவைச் சோடாவும் போடுகிறார்கள். ஆசிட் சாயம் ஏற்ற அசிட்டிக் ஆசிட் சேர்க்கிறார்கள். அதுவும் வீக் ஆசிட்தான்! ஸ்ட்ராங் கெடுத்துவிடும் இடத்தில் வீக் காரியத்தை முடிக்கிறது.

அதற்காக 22 நல்ல மார்க் என்று வாதாட வரவில்லை. எனக்கு ஆங்கிலம் வரவில்லை என்பது உண்மை. ஸ்பெஷல் கிளாஸ் எனக்கு உதவியதும் உண்மை. நம் அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவும் ‘வீக்கர் செக்‌ஷன்ஸ்’ என்றுதான் சொல்கிறது. அவர்களுடைய கல்வியிலும் பொருளாதார நலனிலும் அரசு தனி அக்கறை காட்ட வேண்டும் என்பதற்காக அந்தச் சொல்லைப் போட்டார்கள். ஒதுக்கி உட்கார வைப்பதற்காக அல்ல.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பட்டியலில் வெறுமனே ‘வீக்’ என்று எழுதாதீர்கள். எந்தப் பாடம், எந்தப் பகுதி என்று எழுதுங்கள். அதைப் பார்த்து நாங்கள் படித்துக்கொள்வோம்.

ஜூனியர் தம்பி தங்கைகளே! யாராவது உங்களை வீக் என்றால் தலை குனியாதீர்கள். “எதில் சார்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைத்ததும் அன்றைக்கே புத்தகத்தைத் திறந்து உட்காருங்கள்!