பொறுத்தல் என்னும் சொல்

தமிழ்ச் செபங்கள் நம் தலைமுறைக்குக் கடினம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் உடனே விளங்குகிறதாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. விளங்கிவிட்டது என்று எண்ணிய வரியை நாம் மறுபடி வாசிப்பதே இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என் போன்றோருக்குத் தமிழ்ச் செபம் சற்று இடறத்தான் செய்கிறது. இடறிய இடத்தில் நின்று பார்ப்பது நல்லது.

இயேசு கற்பித்த செபத்தையே எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்க ஆலயங்களில் நாம் சொல்லும் வடிவத்தில், பாவங்களுக்காக வேண்டும் இடத்தில் 'மன்னித்தல்' என்ற சொல் இல்லை; 'பொறுத்தல்'தான் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:12ஐப் புரட்டினால் அங்கே 'மன்னித்தல்' வருகிறது. வேண்டுதல் ஒன்று, சொல் இரண்டு.

பொறை என்றால் சுமை. பொறுமையும் அதே வேரில் பிறந்ததுதான். திருக்குறளின் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. தன்னைத் தோண்டுபவரையே தாங்கி நிற்கும் நிலத்தை வள்ளுவர் அங்கே முதல் குறளிலேயே காட்டிவிடுகிறார். மன்னிப்பை வாயால் சொல்லி முடித்துவிடலாம். பொறுப்பவருக்கோ பாரம் தோளிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கிரேக்க மூலத்தில் மத்தேயு இங்கே எழுதிய சொல் கடன்களைக் குறிப்பது. லூக்கா 11:4தான் பாவங்கள் என்கிறது. தோட்டத்து மக்களுக்குக் கடனை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்து பால்வெட்டு நின்ற மாதத்தில் கடைக்காரரிடம் என்ன சொல்வார்கள்? "சம்பளம் வரட்டும், கொஞ்சம் பொறுங்க." மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் கடன்பட்ட பணியாளன் காலில் விழுந்து கேட்பதும் இதைத்தான். செபத்தைத் தமிழாக்கியவர் இவ்வளவும் நினைத்தாரா என்று கேட்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் நம் மக்கள் பேச்சில் அந்தச் சொல் இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் இருந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். 'பொறுத்துக்கொள்' என்பது நம்மவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி போன்ற தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அவர்களிடம் போய் இந்தச் செபத்தைக் காட்டிப் பொறுத்திருங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. செபமும் அப்படிச் சொல்லவில்லை. நமக்கு இழைக்கப்பட்டதை அது 'தீமை' என்றே பெயரிட்டு அழைக்கிறது. குறை என்றோ விதி என்றோ மழுப்பவில்லை. பொறுப்பதாகச் சொல்பவரும் பாதிக்கப்பட்டவரே, வேறு யாரும் அவருக்காக அதைச் சொல்ல முடியாது. வீடு கேட்டுப் போராடிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அதே வாயால் இந்தச் செபத்தையும் சொல்லலாம். இரண்டுக்கும் முரண் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

நம் மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் செபத்தை எவ்வளவு விரைவாக ஒப்பிக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒரு சொல்லை எடுத்துப் பேசலாம். தொடங்குவதற்குத் தொலைவு போக வேண்டாம். அதே பெஸ்தாரி ஜெயாவில் உள்ள ஆலயம் வனத்துச் சின்னப்பர் பெயரைக் கொண்டது. 'பவுலுஸ்' என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். முன்னோர் அதை ஒலிபெயர்க்காமல் மொழிபெயர்த்துச் 'சின்னப்பர்' ஆக்கியிருக்கிறார்கள்.