காற்றை அளக்கும் கைகள்

கீழவாஞ்சூர்க் கரையில் வாழும் நமக்குக் காற்றைப் பற்றிப் பிறர் பாடம் நடத்த வேண்டியதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றையும் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. இன்று கடலுக்கு இறங்கலாமா, கூடாதா என்பதை மணலில் நின்றபடியே சொல்லிவிடும் தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். ஆனால், அந்தக் காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய நம் தோழியும் விழிப்பாள். காற்றின் பெயரை அறிவோம்; அளவை அறியோம்.

அளவு ஏன் வேண்டும் என்று கேட்பவர் நம் ஊரில் இருக்க முடியாது. 1977 நவம்பரில் நாகைக் கரையைத் தாக்கிய புயலைப் பாட்டிமார் இன்றும் சொல்லிச் சொல்லி ஓய்வதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, காரைக்காலில் உள்ள டாப்ளர் ரேடார் அதன் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தது. புயல் எங்கே இருக்கிறது, எவ்வளவு வலிமையுடன் வருகிறது என்று கருவி சொல்லும் விடை பிழையாகுமானால், அதற்கு விலை கொடுப்பவர் கடலுக்குப் போன நம் தகப்பன்மாரும் அண்ணன்மாருமே அன்றோ?

அப்படிப்பட்ட கருவிகள் ஒரு காலத்தில் நமக்குக் கப்பலில்தான் வந்தன. மழையை அளக்கும் சாதாரணப் பாத்திரம்கூட இங்கிலாந்திலிருந்து வந்தது என்றால் சிரிப்பு வருகிறது. அந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண். திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் 1918-ல் பிறந்த அன்னா மணி அவர். எட்டாம் பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வந்த வைரத் தோட்டை மறுத்து, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். (இதைப் படிக்கும் அன்னையர் அஞ்ச வேண்டாம், நாங்கள் கேட்கப் போவது அவ்வளவு விலையுள்ளதன்று.) சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பெண் ஒருத்தி கருவியைக் கையாள்வதில் சிறு பிழை செய்தாலும், பெண் என்றால் இப்படித்தான் என்று ஆண்கள் சிலர் பறைசாற்றிய காலம் அது.

பௌதிகம் படிக்க எண்ணி 1945-ல் இலண்டன் சென்றவருக்குக் கிடைத்தது வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி. 1948-ல் திரும்பிப் புனாவில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். 1953-ல் அதன் தலைவியானபோது அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் 121 ஆண்கள்! ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களை வகுத்து, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழிகோலினார். தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவருடைய கொள்கை.

அவருடைய குழுவினர் 1960-களில் உருவாக்கிய ஓசோன் கருவியைச் சற்று விளக்கியாக வேண்டும். காரைக்கால் வானிலை நிலையம் விடும் பலூனைப் போன்ற ஒரு பலூனில் அது மேலே போகும். அதிலுள்ள சிறு பம்பு, செல்லும் வழியெல்லாம் காற்றை உறிஞ்சிப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் செலுத்தும். பாக்கோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதுபோல, ஓசோன் பட்டதும் கரைசலிலிருந்து அயோடின் பிரியும். அதனால் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். மின்னோட்டம் எவ்வளவோ, அதற்கேற்ப ஓசோன். அந்தக் கணக்கை வானொலி அலைகள் தரைக்கு அனுப்பும். ஆகாயத்துக்கே ஆய்வுக்கூடத்தை அனுப்பிவைப்பது போன்றது இது.

தும்பாவின் கதை நம் பங்கு மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. திருவனந்தபுரத்தை அடுத்த அந்த மீனவக் கிராமத்தில் ராக்கெட் தளம் அமைக்க இடம் வேண்டுமென்று டாக்டர் விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் கேட்டார். ஆயர் ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே கேட்டார். அவர்கள் சம்மதித்து, மகதலா மரியாள் ஆலயத்தையும் குடியிருப்புகளையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து எழும்பிய முதல் ராக்கெட், வானில் சோடியம் ஆவியைத் தூவியது. அந்த மேகம் நகர்ந்த போக்கைக் கொண்டு மேலுலகக் காற்றை அளந்தார்கள். தும்பாவின் வானிலைக் கூடத்தை அமைத்தவரும் அன்னா மணியே. நம்மைப் போன்ற கடற்கரை மக்கள் தங்கள் கோவிலையே கொடுத்தது, காற்றை அளப்பதற்காக என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

நாமோ? நம் அறிவியல் கண்காட்சியில் நாம் செய்வது பெரும்பாலும் தெர்மாகோல் ஒட்டி வண்ணம் தீட்டுவதுதான். கம்பி இணைப்பு என்றால் அண்ணனைத் தேடுகிறோம். காற்றழுத்தமானியின் படத்தைப் பிழையின்றி வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கும் நாம், கருவியைக் கையால் தொட்டதில்லை. இது நமக்குப் பெருமையாகாது என்று வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

செலவைக் காரணம் காட்ட முடியாது. காற்றிலுள்ள ஈரத்தை அளக்க 1783-ல் ஜெனீவாவின் சோசூர் பயன்படுத்தியது மனிதத் தலைமயிரை! ஈரம் ஏறினால் மயிர் சிறிது நீளும், உலர்ந்தால் சுருங்கும். அந்த அசைவு ஒரு முள்ளை நகர்த்தும். இதற்கு நம் பள்ளியில் பஞ்சமில்லை. எண்ணெய் போகச் சீயக்காய் தேய்த்து அலசிய மயிராக இருக்க வேண்டும், அவ்வளவே. நேரான பக்கங்களுள்ள ஒரு போத்தலும், அதன் வாய்க்குச் சமமான வாயுள்ள புனலும் இருந்தால் மழைமானி ஆயிற்று. நிற்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் படித்தால் போதும்.

ஆகவே வரும் கல்வியாண்டில் பள்ளி வளாகத்தில் இவ்விரண்டையும் நிறுவத் தலைமைச் சகோதரியின் அனுமதியை வேண்டுகிறோம். மாதா கெபியருகே வைக்கலாம் என்று முதலில் எண்ணினோம். வேப்பமரம் மழையை மறைக்கும் என்பதால் எறிபந்து மைதானத்தின் ஓரமே ஏற்றது. வானிலைத் துறையினர் மழையைக் கணக்கிடுவது காலை 8.30-க்கு, நாமும் அந்நேரத்தில் படிக்க வேண்டும். விடுமுறை நாட்களில் விடுதித் தோழியர் உதவுவார்கள். ஞாயிறு 8.30 பூசை நேரமாதலால் அன்றைக்கு என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. படிக்க முடியாத நாளில் குறிப்பேட்டின் கட்டம் காலியாகவே இருக்கும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.