ஏழடிப் பாதையும் மூன்றாவது தண்டவாளமும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சிறந்தது வெல்லும், சிறப்பற்றது வீழும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்களாகிய நமக்கு இதில் ஐயமே எழுவதில்லை. ஆனால் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே கம்பெனியுடைய நீராவி எஞ்சின்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அங்கே பந்தயத்தில் வென்ற எஞ்சின், தன் பாதையையே இழந்தது. அது ஏன் என்று எண்ணிப் பார்ப்பது, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் இருக்கும் நமக்கும் பயன்தரும் என்பது என் கருத்து.

இலண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்க 1835-இல் தோன்றியது அந்தக் கம்பெனி. அப்போது பெரும்பாலான பாதைகளில் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி எட்டரை அங்குலம். நிலக்கரிச் சுரங்க வண்டிகளிலிருந்து வழிவழியாக வந்த அளவு அது. பொறியாளர் புருனல் அதை ஏற்கவில்லை. 7 அடிக்குச் சற்றே கூடுதலான அகலத்தில் பாதை அமைத்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பாதை அகன்றால் வண்டி ஆட்டமின்றி நிற்கும். பெரிய கொதிகலனும் பெரிய சக்கரமும் வைக்கலாம். 1847-இல் வந்த அயர்ன் டியூக் எஞ்சினின் இயக்கு சக்கரம் 8 அடி விட்டமுடையது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 அடி. ஒரு மைலுக்கு 210 சுற்றுகளே போதும்! பிஸ்டன் அவசரப்படாமலே வண்டி விரைந்தது.

இந்த எஞ்சின்களை உருவாக்கியவர் டேனியல் கூச். 1837-இல் எஞ்சின் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது இருபதுதான். கல்லூரியில் அல்ல, தொழிற்சாலைகளில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு தொழில் கற்றவர் அவர். கம்பெனி தொடக்கத்தில் வாங்கிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை, நம்பத் தகாதவை. ஸ்டீபன்சன் தொழிற்சாலையின் 'நார்த் ஸ்டார்' ஒன்றே பெரிதும் கைகொடுத்தது. கூச் அதை ஆதாரமாகக் கொண்டு 'ஃபயர்ஃப்ளை' வகையை வரைந்தார். 1840 முதல் 1842 வரை ஏழு தொழிற்சாலைகள் 62 எஞ்சின்களைச் செய்தன. எல்லோருக்கும் ஒரே வரைபடம். உறுப்புகளைச் செய்ய ஒரே இரும்பு அச்சளவுகள். ஓர் எஞ்சினின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இதில்தான் விந்தை இருக்கிறது. தன் எஞ்சின்களுக்குள் ஒரே அளவு வேண்டும் என்று வற்புறுத்திய கம்பெனி, நாட்டின் மற்றப் பாதைகளோடு ஒரே அளவு வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மறுத்தது!

விளைவு 1844-இல் கிளாஸ்டர் நகரில் வெளிப்பட்டது. பிரிஸ்டலிலிருந்து வந்த அகலப் பாதையும் பர்மிங்ஹாமிலிருந்து வந்த குறுகிய பாதையும் அங்கே சந்தித்தன. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஏறாது. ஆகவே பயணிகள் இறங்கி ஏறினார்கள்; சரக்குகளைத் தொழிலாளர்கள் தோளில் சுமந்து வண்டி மாற்றினார்கள். எஞ்சின் மிச்சப்படுத்திய நேரத்தை நிலையம் விழுங்கியது. சிறப்பின் பெருமை கம்பெனிக்கு, சுமை கூலியாளுக்கு!

1845-இல் ஆராய்ச்சிக் குழு அமைந்தது; போட்டி ஓட்டங்கள் நடந்தன. கூச்சின் 'இக்சியான்' வேகத்தில் வென்றது. குழுவும் அதை ஒப்புக்கொண்டது. எனினும் தீர்ப்பு குறுகிய பாதைக்கே கிடைத்தது. அப்போது நாட்டில் அகலப் பாதை 274 மைல், குறுகிய பாதை 1,901 மைல். 1846-இல் சட்டம் வந்தது. எண்ணிக்கை திறமையை வென்றது அநீதி என்று சிலர் வாதிடலாம். நான் அவ்வாறு கருதவில்லை. இருப்புப்பாதையின் பணி ஓடுவது மட்டுமன்று, சேர்ப்பதும் ஆகும். சேர்க்காத வேகம் பாதி வேகமே.

ஆனால் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அகலப் பாதையின் நடுவே மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்தார்கள். இருவகை வண்டிகளும் ஒரே வழியில் சென்றன. இந்தக் கலப்புப் பாதை 1861-இல் இலண்டனின் பாடிங்டன் நிலையத்தை எட்டியது. இறுதியாக 1892 மே மாதத்தில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரு வார இறுதிக்குள் எஞ்சிய அகலப் பாதையை மாற்றி முடித்தார்கள்.

அதோடு கம்பெனியின் தனித்தன்மை அழிந்ததா? இல்லை, அதன் பிறகுதான் அது நாடெங்கும் பரவியது. 1925-இல் அதன் 'காசில்' வகை எஞ்சின் வேறொரு கம்பெனியின் பாதையில் ஓடிக் குறைந்த நிலக்கரியில் வேலை செய்து காட்டியது. அந்தக் கம்பெனியின் பொறியாளர் கிரெஸ்லி, தம் எஞ்சின்களின் வால்வு அமைப்பையே திருத்திக்கொண்டார். ஏழடிப் பாதையிலேயே அடைந்து கிடந்திருந்தால் இந்தப் போட்டி நடந்திருக்குமா? பிரிட்டிஷ் இரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சினும் 1960-இல் இக்கம்பெனியின் பழைய ஸ்விண்டன் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தது. அமைப்பு நாடு முழுமைக்கும் பொதுவானது. ஆனால் புகைபோக்கியில் பழைய கம்பெனியின் செம்பு விளிம்பு! பெயர் 'ஈவ்னிங் ஸ்டார்'.

நம் நாடும் இதே பாடத்தைக் கற்றது. சென்னையில் சென்ட்ரல் அகலப் பாதைக்கும், எழும்பூர் மீட்டர் பாதைக்கும் உரியனவாக நெடுங்காலம் பிரிந்திருந்தன. 1992-இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கியது. இங்கிலாந்தில் அகலம் தோற்றது, இங்கே அகலம் வென்றது. ஆகவே பெரிது சிறிது என்பதல்ல, இணைப்பு என்பதே கேள்வி.

நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே! பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, இங்கே ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் மாணவன் நிற்குமிடமும் ஒரு கிளாஸ்டர்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான்; அந்தச் சுமையின் கனம் எனக்குத் தெரியும். பொதுப் பாதை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதில் ஏறாமல் ஒதுங்கி நிற்பது ஏழடிப் பிடிவாதமாகும். ஆனால் முதலாண்டு வகுப்புகளிலேனும் மூன்றாவது தண்டவாளம் ஒன்று வேண்டும். ஒரு தத்துவத்தை ஆங்கிலத்தில் சொன்னபின் தமிழிலும் ஒருமுறை விளக்குங்கள். ஆய்வுக்கூடத்தில் தமிழில் எழும் கேள்வியையும் கேள்வியாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். சரக்கைத் தோளில் சுமந்து மாற்றும் வேலை குறையட்டும். பிறகு எங்கள் வண்டியும் எந்தப் பாதையிலும் ஓடும். அதன் புகைபோக்கியில் எங்கள் ஊர்ச் செம்பும் மின்னும்.