பதம் இழந்த பழப்பாகு

‘ஜாம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பழப்பாகு’ எனத் தமிழாக்கம் கண்டு மகிழ்ந்தோம். நற்பணிதான்; மறுப்பதற்கில்லை. ஆயின், அச்சொல் பாடநூலில் ஏறிய பின்னர் நம் வீடுகளில் நிகழ்ந்தது யாது? அடுப்பில் பாகு காய்வது நின்றது. கடைப் புட்டி மேசைக்கு வந்தது. சொல்லை ஆக்கினோம்; பொருளை ஆக்க மறந்தோம். பொருளை மறந்தவர் நாவில் சொல் எத்தனை நாள் உயிர் வாழும்? தமிழாசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இடைநிலைப் பள்ளி வகுப்பொன்றில் ‘பதம்’ என்பதற்குப் பொருள் கேட்டேன். ‘சொல்’ என்றான் ஒரு மாணவன். சரியான விடை. ‘வேறு பொருள் உண்டா?’ என்றேன். வகுப்பு வாயடைத்து நின்றது. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியைத் தேர்வுக்காக மனனம் செய்திருந்த மாணவர்கள் அவர்கள்! ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தவர் அவ்வகுப்பில் ஒருவருமில்லை. மின்சாரச் சோற்றுப்பானை தானே வேகவைக்கிறது, தானே நின்றுவிடுகிறது. குறை மாணவருடையதன்று. பதம் பார்க்கும் வேலையை நாம் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை.

நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வீட்டில் தீபாவளிக்கு இரு வாரம் முன்னதாக அன்னாசிப் பாகு காய்ச்சுவார்கள். நன்கு பழுத்த பழங்களைத் தோல் சீவி, கண்களைச் சாய்வாக வெட்டியெடுத்து, துருவி, ஈயம் பூசிய பித்தளைச் சட்டியில் இடுவார் அம்மா. பழத்தின் புளிப்பு வெறும் பித்தளையைத் தின்னும் என்பதை அறிந்தே ஈயம் பூசினர் நம் முன்னோர். பட்டையும் கிராம்பும் சேர்ந்து கொதிக்கும். சாறு சுண்டிய பின்னரே சீனி. முன்னதாகக் கொட்டினால் நெடுநேரம் காய்ந்து பாகு கறுத்துவிடும் என்பார். பிறகு கை ஓயாமல் கிண்ட வேண்டும். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு, அதன் நடுவே விரலால் கோடு இழுப்பார். கோடு மூடிக்கொண்டால் இன்னும் காய வேண்டும். மூடாமல் நின்றால் ரொட்டியில் தடவும் பதம். பலகாரத்தின் நடுவில் உருட்டி வைக்க அதனினும் இறுகிய பதம் வேண்டும். சுண்டுதல் வேறு, வற்றுதல் வேறு, திரளுதல் வேறு, இறுகுதல் வேறு, முறுகுதல் வேறு. இவ்வேறுபாடுகளை எனக்குக் கற்பித்தது எந்த அகராதியும் அன்று; அந்தச் சட்டியே.

‘ஜாம் வெள்ளைக்காரன் உணவு, தமிழனுக்கு ஊறுகாய் போதாதா?’ என்று வினவும் அன்பர்களும் உளர். அவர்தம் தமிழ்ப்பற்றைப் போற்றுகின்றேன்; அவர்தம் வரலாற்றறிவைப் போற்ற இயலவில்லை. ஊறுகாய்க்குக் காரம் தரும் மிளகாயும் அன்னாசியைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான். மிளகாயை வரவேற்ற நாவு அன்னாசிப் பாகை மட்டும் அந்நியம் என்று தள்ளுவது எவ்வகை நீதி? மேலும், இம்மண்ணில் அன்னாசி நம் உழைப்பின் அருகிலேயே வளர்ந்த பயிர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து பால் தரும் வரையில், அவற்றினிடையே ஊடுபயிராக அன்னாசி நடப்பட்டது. ரப்பரும் அன்னாசியும் வளர்த்த லிம் நீ சூன் சிங்கப்பூரில் ‘அன்னாசி மன்னர்’ எனப் பெயர் பெற்றார். இன்றைய ஈசூன் நகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஜொகூரின் சதுப்பு நிலங்களில் இன்றும் அன்னாசி விளைகிறது. ஆகவே அன்னாசிப் பாகு இம்மண்ணில் வாழும் தமிழர்க்கும் உரிய பண்டமே. காய் உப்பில் ஊறினால் ஊறுகாய். பழம் சீனியில் காய்ந்தால் பழப்பாகு. விளைந்ததை வீணாக்காமல் காக்கும் அறிவு இரண்டிலும் ஒன்றே அன்றோ?

‘சமையற்கட்டுக் கதைக்குத் தமிழ் வகுப்பில் என்ன வேலை?’ எனச் சிலர் முகம் சுளிப்பர். அறிவியல் வகுப்பில் இதற்கு இடமுண்டு என்பதை அவர்கள் மறுக்க மாட்டார்கள். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பழப்பாகு ஏறத்தாழ 105 பாகையில் உறையும் நிலையை அடைகிறது. அந்நிலையில் அதில் கரைந்துள்ள சீனி ஏறத்தாழ 65 விழுக்காடு. அத்துணைச் சீனி நீரைப் பற்றிக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக வழியின்றிப் போகின்றன. பழத்தின் புளிப்பும் துணை நிற்கிறது. வெப்பமானி காட்டும் இந்நிலையைத்தான் அம்மாவின் விரற்கோடு காட்டிற்று. அறிவியலுக்கு ஏற்ற பொருள் தமிழுக்கு மட்டும் எங்ஙனம் இழிவாகும்? பாகு காய்ச்சும் முறையைக் கட்டுரையாக எழுதச் சொல்கிறோம். பாகைக் கண்ணால் காணாத பிள்ளைகள் மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதுகின்றனர். நாமும் முழு மதிப்பெண் இடுகின்றோம். இது தமிழ்க் கல்வியா, படியெடுக்கும் பயிற்சியா?

எதிர்வாதங்களுள் இரண்டு மதிப்புக்குரியவை. முதலாவது, பெண்களின் உழைப்பு. விடியலில் பால்மரம் வெட்டச் சென்று திரும்பிய தாய்மாரே மாலையில் அடுப்பின் முன்னும் நின்றனர். கடைப் புட்டி அவர்தம் தோளுக்கு ஓய்வு தந்தது என்பது உண்மை. அந்தச் சுமையை மீண்டும் அவர்கள்மீதே ஏற்றுக என நான் சொல்லவில்லை. துருவுவதும் கிண்டுவதும் பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டவை அல்ல. ஆண்பிள்ளைகள் கரண்டியைப் பிடிக்கட்டும். அப்பா சட்டியை இறக்கட்டும்.

இரண்டாவது, நீரிழிவு நோய். ‘நம்மவரிடையே இந்நோய் மிகுந்திருக்கும் காலத்தில் சீனிப் பாகு காய்ச்சச் சொல்லலாமா?’ என்பர். அந்நோய் என் குடும்பத்திலும் உண்டு; ஆதலின் இவ்வினாவை எளிதாகத் தள்ள மாட்டேன். புட்டியைத் திறப்பவன் கண்ணுக்குச் சீனி தெரிவதில்லை. தன் கையால் அளந்து, ஒரு கிலோ பழத்துடன் அரைக் கிலோவுக்கும் மேலான சீனி கரைந்து மறைவதைக் கண்ட பிள்ளை, ரொட்டியில் தடவும்போது கையை அடக்குவான். அறிவுரை நூறு செய்யாததை அந்த ஒரு காட்சி செய்யும்.

இன்று பலகாரத்துக்கு வேண்டிய அன்னாசிப் பாகு, காய்ச்சி இறுக்கிய நிலையிலேயே கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. வாங்குவது குற்றமன்று. வாங்க மட்டுமே தெரிந்திருப்பதுதான் இழிவு. கடையில் வாங்கிய பாகில் பதத்தை வேறொருவர் பார்த்துவிட்டார். நமக்கு எஞ்சியிருப்பது விழுங்கும் வேலை ஒன்றே. மொழியிலும் இதே நிலைக்கு நாம் வந்து கொண்டிருக்கின்றோம். பிறர் ஆக்கிய தொடரை விழுங்குகின்றோம். எந்தச் சொல் எந்த இடத்தில் திரளும், எங்கே முறுகும் எனப் பார்க்கும் பொறுமை குறைந்து வருகிறது.

ஆகவே, தமிழாசிரியர்களை ஒன்று கேட்கின்றேன். ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு முன்னர், உங்கள் மாணவர்கள் வீட்டில் பெரியவர்களுடன் நின்று ஒரு சட்டிப் பாகு காய்ச்சி வரட்டும். பாட்டி வழங்கும் சொற்களை அவர் சொன்னபடியே குறித்து வரட்டும். அதன் பின்னர் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். சிலர் பாகைக் கருக விடுவர், விடட்டும். ‘முறுகல்’ என்னும் சொல்லின் பொருளை அவர்கள் வாழ்நாளில் மறவார்.

மாணவ மணிகளே! உங்கள் வீட்டில் பதம் அறிந்த கை ஒன்று இன்னும் இருக்கக்கூடும். அந்தக் கை ஓயுமுன் அதன் அருகில் சென்று நில்லுங்கள். பழப்பாகு என்னும் சொல்லைப் பாடநூல் காக்கும். அதன் பதத்தைக் காக்க உங்கள் விரல்தான் வேண்டும்.