சபுராளி கட்டும் வீடு

பொருள்வயிற் பிரிவு தமிழர்க்குப் புதியதன்று. பிரிவுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் அதற்குக் கால எல்லையும் வகுத்தார். கல்வி கருதிப் பிரிந்தவன் மூன்றாண்டுக்கு மேல் தங்குதல் கூடாது. வேந்தன் பணிமேற் சென்றவன் ஓராண்டுக்குள் மீள வேண்டும். ஏனைய பிரிவுகளுக்கும் அதுவே அளவு என்பது கற்பியல் தரும் செய்தி. கடல்கடந்து செல்வோன் மனைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் அந்நூல் கூறுகிறது. இவ்விரண்டனுள் பின்னதை நம் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் இன்றளவும் காத்து வருகின்றன. முன்னதைத்தான் கைவிட்டுவிட்டன.

பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல் நம் ஊர்களில் 'சபர்' என வழங்க, சபர் செய்வோன் 'சபுராளி' ஆனான். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இலங்கைக்கும் கல்கத்தாவுக்கும் சென்று வணிகம் செய்தனர். நாகூராரும் அதிராம்பட்டினத்தாரும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். கடை வைத்திருந்தவனுக்குத் தம்பியையோ மருமகனையோ தன்னிடத்தில் அமர்த்திவிட்டு ஊர் திரும்ப வழியிருந்தது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை உயர்ந்தபின் திறந்த வளைகுடாக் கதவுகள் வேறுவகையின. அங்குச் செல்வோர் பெரும்பாலும் சம்பளத்துக்குச் செல்கின்றனர்; அந்நாடுகளோ வந்தவர்க்குப் பொதுவாகக் குடியுரிமை அளிப்பதில்லை. ஆகவே திரும்புதல் உறுதி. எப்பொழுது என்பது ஒன்றே வினா.

இவ்வினாவைச் சபுராளியிடம் கேட்டால், "வீட்டு வேலை முடியட்டும்" என்பதே விடையாக வருகிறது. ஊர் திரும்புவதற்காகத் தொடங்கிய வீடே ஊர் திரும்ப விடாமல் தடுக்கிறது என்பது நம் கருத்து. வட்டிக்கடன் ஆகாதென்று வங்கிப் படியேறாத குடும்பங்களில் வீடு விடுமுறை தோறும் வளர்வது. ஒரு விடுமுறையில் மனை கிரயமாகிறது. இரண்டாண்டு கழித்துக் கடைக்கால் எழுகிறது. மேலும் இரண்டாண்டில் கூரைக்குக் கான்கிரீட் இடப்படுகிறது. அதற்குள் எதிர்வீட்டார் மாடி எழுப்பிவிடுகின்றனர். நம்மவரும் மாடிப்படிக்கு இடம் விடுகிறார். விசா மீண்டும் புதுப்பிக்கப்படுகிறது. கொத்தனாருக்கும் மரவேலை செய்பவருக்கும் இதில் இழப்பில்லை. அவர்களுக்கு வேலை கிடைப்பதை நாம் குறைகூறவும் இல்லை.

பணம் செங்கல்லாகவே உறைவதற்குச் சட்டமும் ஓரளவு காரணம். வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கு வீடும் மனையும் வாங்கலாம்; வேளாண் நிலத்தையோ தோட்டத்தையோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகள் பொதுவாக இடந்தருவதில்லை. மண்ணில் முதலிட்டு அதன் விளைவில் வாழலாம் என்று எண்ணுபவனுக்கும், அயலில் இருக்கும்வரை, மனைப்பிரிவு ஒன்றே எளிய வழியாக எஞ்சுகிறது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கணக்கு இன்னும் நீள்கிறது. அங்கு மணமகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வது நெடுநாள் மரபு. வீடு மகளுக்கு உரியது. மூன்று மகளிரைப் பெற்ற தந்தை மூன்று வீடுகளைப் பற்றி எண்ண வேண்டியவர் ஆகிறார். இம்மரபை இகழ்வோருடன் நாம் சேர மாட்டோம். பெண்ணின் காலடியில் அவளுக்கே உரிய தரை இருப்பது எத்துணைப் பெரிய காப்பு என்பதைப் புகுந்த வீட்டில் துன்புறும் பெண்களைக் கேட்டால் தெரியும். பெண்கள் மட்டுமே நடமாடுதற்கெனக் காயல்பட்டினத்தில் முடுக்குகள் அமைத்த முன்னோர், வீட்டை அவளுக்காகவே எண்ணினர். ஆனால் மகளுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்பது மரபு; அது சலவைக்கல் பதித்த மூன்றடுக்கு மாளிகையாக இருத்தல் வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை. அது சம்பந்தி வீட்டாரின் கண்ணுக்கு அஞ்சி நாமே சேர்த்த சுமை. மூன்றாவது மகளின் வீட்டுக்குக் கதவு பொருத்தும்போது தந்தைக்கு அறுபது நெருங்கிவிடுகிறது.

அறுபதில் அவர் கொண்டுவருவது என்ன? ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடை. கணக்கில் எடுப்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே, படிகள் சேரா. ஒரே நிறுவனத்தில் இருபதாண்டு உழைத்தவர்க்கு 555 நாள் சம்பளம் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹாம் எனக் கொண்டால் 37,000 திர்ஹாம். நம் பணத்தில் எட்டு, ஒன்பது இலட்ச ரூபாய். மாத ஓய்வூதியம் என ஒன்று அவருக்கு அங்கில்லை. சேமித்தது அனைத்தும் சுவராக நிற்க, இத்தொகையைக் கொண்டு எஞ்சிய வாழ்நாளை ஓட்ட வேண்டும். ஆண்டுதோறும் வெள்ளையடிக்கவும் வீட்டுவரி கட்டவும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். பெரிய வீட்டில் சிறிய அடுப்பு எரியும் இல்லங்கள் நமக்குத் தெரியும். வாயிற்கதவின் வேலைப்பாட்டைக் கண்டு உறவினர் கடன் கேட்டு வருவது தனித் துன்பம்.

திரும்பும் நாளை நாம் குறிக்காதபோது அதைப் பிறர் குறித்ததும் உண்டு. செட்டிநாட்டாரின் பர்மாக் கடைகளில் முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் சென்று மீண்டனர். அந்த ஒழுங்கு இருந்தும், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அவர்கள் பெருஞ்செல்வத்தை அங்கு விட்டுவர நேர்ந்தது. பர்மாத் தேக்கினால் இழைத்த மாளிகைகள் காரைக்குடியைச் சூழ நின்றன. அவற்றைப் பேண வருவாயில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்ததும் ஏறத்தாழ 1,70,000 இந்தியர் அம்மான் நகர் வழியாக வானூர்திகளில் கொண்டுவரப்பட்டனர். கைப்பெட்டியோடு வந்திறங்கியவர் பலர். 2020இல் பெருந்தொற்று மீண்டும் அதே காட்சியைக் காட்டியது. அத்தகைய நாளில் பாதி கட்டிய மாளிகையைவிட முழுதும் முடிந்த சிறுவீடு எத்துணை மேல்!

ஆதலின் இளைய சபுராளிகளிடம் நாம் வேண்டுவது இது. முதற் பயணத்துக்கு முன்பே மீளும் ஆண்டைக் குறித்துக்கொள்க. வீட்டை அதற்குள் அடங்கும் அளவில் அமைத்துக்கொள்க. ஒரு கூடம், இரண்டு அறை, அடுக்களை, காற்றுக்கு ஒரு முற்றம். நாற்பது நாள் விடுமுறைக்கு வருபவனுக்கு மட்டுமன்றி நாளும் வாழும் குடும்பத்துக்கும் இது போதும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேரளத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஆளின்றிக் கிடந்தன என்கிறது. அவை அனைத்தும் வளைகுடாப் பணத்தில் எழுந்தவை அல்ல என்றாலும், நம் கடற்கரையில் பூட்டிய கதவுகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு அந்த எண் வியப்பளிக்காது. வீட்டுக்கு ஒதுக்கும் தொகைக்கு நிகராக ஊரில் ஒரு தொழிலுக்கும் ஒதுக்குக. திரும்பியவனைத் திரும்பவும் விமானமேற்றுவது வீடில்லாமை அன்று, வேலையில்லாமை.

இன்னொன்று. வீட்டின் வரைபடம் துபாய் அறையிலிருந்து கைப்பேசியில் வருகிறது. மணல் இறங்கும் நாளில் நின்று எண்ணுபவளும், சித்தாளுக்குக் கூலி கொடுப்பவளும், மேஸ்திரியோடு வழக்காடுபவளும், மின் இணைப்புக்கு அலுவலகப் படி ஏறுபவளும் மனைவி. அவ்வீட்டில் ஆண்டு முழுதும் பெருக்கித் துடைக்கப் போகிறவளும் அவளே. எத்தனை அறை வேண்டும் என்று அவளைக் கேட்டவர் நமக்குத் தெரிந்தவரை மிகச் சிலர்.