தேக்காவிலிருந்து பதினோராவது நிலையம்

பஃபலோ ரோட்டுப் பூக்கடைகளை மாலை நேரத்தில் கவனித்திருக்கிறீர்களா? காலையில் இறுகியிருந்த மல்லிகை மொட்டுகள் அதற்குள் விரிந்து பழுப்பேறத் தொடங்கியிருக்கும். சென்ற ஆண்டு என் உயர்நிலை 3 மாணவி ஒருவர் வகுப்பில் கேட்டார்: “டீச்சர், குளிர்பெட்டி இல்லாமல் இந்தப் பூவை இன்னும் ஆறு மணி நேரம் வாடாமல் வைக்க முடியாதா?” பறித்த மொட்டும் சுவாசிக்கிறது, வெப்பம் கூடினால் அந்தச் சுவாசம் வேகமாகும், நீரும் வெளியேறும் என்பதுவரை விளக்கினேன். அதற்கு மேல் சோதித்துப் பார்க்கப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை. அவரை யாரிடம் அனுப்புவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நம் தீவில் ஆய்வுக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. புவோனா விஸ்டா பக்கம் ஏறக்குறைய 200 ஹெக்டரில் ஒன்-நார்த் இருக்கிறது. (சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருப்பதால் வந்த பெயர்.) அங்கே உயிர்மருத்துவ ஆய்வுக்கான பயோபொலிஸ் 2003ல் திறக்கப்பட்டது. சற்றுத் தள்ளி, ஆயர் ராஜாவில் இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில், 2011ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பங்காளிகளுடன் சேர்ந்து புதிய நிறுவனங்களுக்கு இடம் தந்தது. அதுதான் ‘புளோக் 71’. பளபளக்கும் கட்டடங்களைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

பல்கலைக்கழகமும் நிறுவனங்களும் ஏன் பக்கத்தில் இருக்க வேண்டும்? மின்னஞ்சல் போதாதா? அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையிலான தூரத்தையும் அவர்கள் பேசிக்கொள்வதையும் ஒப்பிட்டார். தூரம் கூடக்கூடப் பேச்சு சட்டென்று குறைந்தது. 50 மீட்டரைத் தாண்டினால், வாரம் ஒருமுறை பேசிக்கொள்வதே அரிதாகிவிட்டது.

பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தை வரைந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன். 50 ஹெக்டர் வட்டாரத்தின் நடுவே சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம். அதன் ஆய்வுக்கூடங்கள் சிலவற்றை நிறுவனக் கட்டடங்களிலும், நிறுவனங்களின் ஆய்வுப் பகுதியைக் கல்வி வளாகத்திலும் கலந்து வைக்கத் திட்டமிட்டார்கள். பொங்கோல் கோஸ்ட் ரயில் நிலையம் 2024 டிசம்பரில் திறந்தது.

ஆனால் இந்த 50 மீட்டர் கணக்கில் நீங்கள் எங்கே? பூக்கடைக்காரர் எங்கே? மாணவர்களுக்கான ஆய்வு வழிகாட்டித் திட்டங்கள் இருக்கின்றன, நல்ல திட்டங்கள். விண்ணப்பம், பள்ளியின் பரிந்துரை, தேர்வு என்று அவற்றுக்குப் பல படிகள். அறிவியலில் ‘பி’ வாங்கும் ஒரு மாணவி, கையில் ஒரு நல்ல கேள்வியோடு நேரே போய்க் கதவைத் தட்ட வழியில்லை. விலையுயர்ந்த கருவிகள், நிறுவன ரகசியங்கள், பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். அது நியாயமே. எல்லாக் கதவையும் திறக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு புத்தாக்க வட்டாரத்திலும் தரைத்தளத்தில் ஓர் அறை போதும். ஒரு நுண்ணோக்கி, ஒரு துல்லியத் தராசு, ஈரப்பதமானி, சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் சிக்கலைக் கொண்டுவரலாம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிறப் பாதையில் ஏறினால், வண்டி மாறாமல் பதினோராவது நிலையம் பொங்கோல் கோஸ்ட். அந்த மாணவி இப்போது உயர்நிலை 4. ஜூன் விடுமுறையில் நாங்கள் இருவரும் போகிறோம், ஒரு பை மல்லிகையோடு. யாரைப் பார்ப்பது என்று அங்கே போய்த்தான் விசாரிக்க வேண்டும்.