கேட்காத தகவல் களவு போகாது

பேரங்காடியில் பொருள் வாங்கினால் அதிர்ஷ்டக் குலுக்கல் படிவம். பானக் கடையில் உறுப்பினர் அட்டை. துணைப்பாட நிலையத்தில் பதிவுப் படிவம். ஒவ்வொன்றும் பெயர், முகவரி, பிறந்த தேதி, கைத்தொலைபேசி எண் எனப் பல விவரங்களைக் கேட்கிறது. மக்களும் தயங்காமல் எழுதிக் கொடுக்கின்றனர். அவ்விவரங்கள் எங்கே சேர்கின்றன, யார் பார்க்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பிறருடைய தகவலை எப்படிப் பூட்டி வைப்பது என்று நிறுவனங்கள் சிந்திப்பது நல்லது. அதற்கு முன்பு, அந்தத் தகவல் உண்மையிலேயே தேவையா என்று சிந்திப்பது அதைவிட நல்லது.

சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்படி, நிறுவனங்கள் நியாயமான நோக்கத்துக்காக மட்டுமே தகவல் திரட்டலாம். பொதுவாக, உரியவரின் ஒப்புதலையும் பெற வேண்டும். தேவை முடிந்த பிறகு தகவலை வைத்திருக்கக் கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது என்ற விதிமுறையும் நடப்புக்கு வந்தது. அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு அடையாள அட்டை எண் எதற்கு?

இந்தக் கேள்வி அற்பமானதன்று என்பதை 2018-ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்துகிறது. அவ்வாண்டில் சிங்ஹெல்த் சுகாதாரக் குழுமத்தின் தகவல் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி முதலியவற்றைக் களவாடினர். அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் களவு போயின. ஐயத்துக்குரிய அறிகுறிகளை ஊழியர்கள் சிலர் முன்னரே கண்டிருந்தும், தகவல் உடனடியாக மேலிடத்தை எட்டவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. 2019 ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும், அதன் கணினிக் கட்டமைப்பை நிர்வகித்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

நோயாளியின் விவரம் இல்லாமல் மருத்துவமனை சிகிச்சை அளிக்க முடியாது. ஆகவே, அங்கு அதைத் திரட்டுவது தவிர்க்க முடியாதது. வல்லுநர்களும் வசதிகளும் உள்ள இடத்திலேயே இத்தகைய இழப்பு ஏற்படுமானால், படிவங்களை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கும் கடையின் நிலை என்ன? கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

‘சட்டவிதிகளைப் பின்பற்றுவது சிறிய நிறுவனங்களுக்குப் பெரும் செலவு’ என்று சிலர் வாதிடுகின்றனர். பாதுகாப்பு மென்பொருளுக்கும் ஊழியர் பயிற்சிக்கும் பணம் தேவைதான். ஆனால், படிவத்திலிருந்து தேவையற்ற இரண்டு வரிகளை நீக்கப் பணம் தேவையில்லை. திரட்டாத தகவலைக் காக்கும் செலவும் இல்லை.

‘வாடிக்கையாளரே விரும்பித்தானே கையொப்பமிடுகிறார்’ என்பது மற்றொரு வாதம். பொடி எழுத்தில் அச்சிட்ட பல பக்க நிபந்தனைகளை வரிசையில் நிற்பவர் முழுமையாகப் படிப்பாரா? படிக்காமல் போட்ட கையொப்பத்தைக் காட்டி ஒரு நிறுவனம் பொறுப்பிலிருந்து நழுவுவது அறமாகாது. சேவையை வழங்கத் தேவையானதற்கு மேல் தகவல் தந்தால்தான் சேவை கிடைக்கும் என வற்புறுத்துவதைச் சட்டமும் ஏற்கவில்லை.

பெரிய அளவில் தகவல் கசிந்தால் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடப்பாடு 2021-ஆம் ஆண்டு முதல் உள்ளது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், கசிந்த பிறகு தெரிவிப்பது வெள்ளம் புகுந்த பிறகு வீட்டாரை எழுப்புவது போன்றது. அபராதத்துக்கு அஞ்சி விதிகளுக்குக் கட்டுப்படுவதோடு நிறுவனங்கள் நின்றுவிடக் கூடாது. வாடிக்கையாளர் தந்த விவரம் தனக்குச் சொந்தமன்று, அது நம்பி ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள் என்ற எண்ணம் முதலாளி முதல் முகப்பு ஊழியர் வரை வேரூன்ற வேண்டும்.

மக்களுக்கும் இதில் பங்குண்டு. படிவத்தை நிரப்பும் முன்பு, “இந்த விவரம் எதற்காக?” என்று பணிவுடன் கேட்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே உருவாக வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்ல முடியாத நிறுவனத்துக்கு அந்த விவரத்தைப் பெறும் தகுதியும் இல்லை.